ஒரு வரியில் கேட்ட கேள்வி

போன மாதம் ஈப்போவிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். கல்லூரி நூலகத்தில் வேலையாம். என் பெயரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

"ஆன்ட்டி, கம்ப்யூட்டர் இல்லாத காலத்துல மலையில உக்காந்துக்கிட்டு சயன்ஸ் விஷயமெல்லாம் எப்படித் தேடுனீங்க? எங்க ஸ்டூடன்ஸுக்கு ஒரு லிஸ்ட் போடணும். நல்லதா அஞ்சு பேரு சொல்லுங்க லா, போதும்."

பட்டியல் கொடுப்பதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை. இரண்டு பக்கத்துக்கு டைப் அடித்த பட்டியல் ஒன்று இன்னும் என் பீரோவில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் கொடுத்தால், அது கையில் இருந்தும் நான் செய்த தப்பை அந்தப் பிள்ளைகளும் செய்வார்கள். அதனால் "எழுதி அனுப்புறேன்மா" என்றேன். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்த்தது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். தானா ராத்தா பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்ததும் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் டைப் அடிக்கச் சேர்ந்தேன். மண்ணையும் இலையையும் சோதித்துப் பார்க்கும் சின்னக் கூடம் அது. அங்கே இருந்த வெள்ளைக்கார வேதியியல்காரர் ஊருக்குப் போகும்போது நான்கு அலமாரி நிறைய அறிவியல் இதழ்களை விட்டுவிட்டுப் போனார். "கமலா, இதையும் பாத்துக்க" என்றார் மேனேஜர் துரை. அன்றிலிருந்து நான் லைப்ரரி கிராணி, நூலகக் குமாஸ்தா. எழுபதுகளின் நடுவில் என்னைக் கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கால் வீங்க நின்றேன், கண் எரியப் படித்தேன், திரும்பி வந்தேன். மிஸ் நவரத்தினத்தைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும்.

மிஸ் நவரத்தினம் அங்கே அறிவியல் பிரிவு நூலகர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பேசுவது யாழ்ப்பாணத் தமிழ். கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அந்தப் பிரிவுக்குள் பேனா நுழையக்கூடாது. பேராசிரியரே சட்டைப் பையில் பேனாவோடு வந்தாலும் கையை நீட்டி வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலைக் கொடுப்பார். யார் வந்து எதைக் கேட்டாலும் உடனே எழுந்து புத்தகம் எடுக்கமாட்டார். நாற்காலியைக் காட்டி, "இரும். முழுக்கச் சொல்லும்" என்பார். எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. கேட்டதை எடுத்துக் கொடுக்காமல் ஊர்க்கதை பேசுகிறாரே என்று நினைத்தேன்.

நான் கிளம்பும்போது அவர் டைப் அடித்துக் கொடுத்ததுதான் அந்த இரண்டு பக்கம். முதலில் அறிவியல் கலைக்களஞ்சியம். சொல்லின் பொருள் தெரியாமல் அதைத் தாண்டிப் போகக்கூடாது. அடுத்து வேதிப்பொருள், பூச்சி, பயிர் நோய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கைநூல். அதற்கும் அடுத்து ஆய்வுச் சுருக்க இதழ்கள். உலகத்தில் வரும் கட்டுரைகளை நாலு வரியாகச் சுருக்கிப் போடும் தடித்த தொகுதிகள் அவை. பின் பக்கத்துப் பொருளகராதியில் தலைப்பைப் பிடித்தால் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணுக்குப் போனால் சுருக்கம் இருக்கும். அதன் கீழே எந்த இதழ், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று இருக்கும். அதைப் பென்சிலால் கோரிக்கை அட்டையில் மூன்று பிரதி எழுதவேண்டும். ஒன்று கோலாலம்பூருக்கு, ஒன்று கோப்புக்கு, ஒன்று கேட்டவருக்கு. எங்களிடம் அந்தத் தொகுதி இல்லாவிட்டால் கேள்வியை மட்டும் அட்டையில் எழுதி அனுப்பினால் போதும், மிஸ் நவரத்தினம் அங்கே தேடுவார். இரண்டு மூன்று வாரத்தில் தானா ராத்தா தபாலாபீசுக்குப் பழுப்பு உறையில் ஃபோட்டோஸ்டாட் வந்து சேரும்.

என்னுடைய மிச்ச நேரமெல்லாம் பூஞ்சையோடு போனது. மலைப் பனிக்கு ஒரு வாரம் சும்மா விட்டால் அட்டை மேல் வெள்ளை பூத்துவிடும். அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு, சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு புத்தகத்தையும் துணியால் துடைப்பேன். ஒன்றில் பிடித்தால் பக்கத்தில் இருப்பதைத் தள்ளி வைக்கவேண்டும். பூஞ்சை என்றால் என்ன, அதை என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும் என்ற திமிர் இருந்தது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் பக்கத்து வீடு பாப்பாத்தியுடையது. களை மருந்து அடிக்கும் கும்பலில் வேலை. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் தும்மினால் இந்தப் பக்கம் எங்களுக்குக் கேட்கும். ஒரு நாள் அவள் வலது கை நகங்கள் மஞ்சளாகி, பிறகு வெளுத்து, கட்டைவிரல் நகம் கழன்றே வந்துவிட்டது. தோட்டத்து டிரஸர், அதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டு மாத்திரை கொடுப்பவர், பார்த்துவிட்டுப் பூஞ்சை என்றார். துரை என்னைக் கூப்பிட்டார்.

"நகப் பூஞ்சையைப் பத்தி லைப்ரரியில என்ன இருக்குன்னு பாரு. தொத்துமா, தொத்தாதா? அத மட்டும் சொல்லு."

தோட்டத்தில் துரையிடம் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. கங்காணி கிராணியிடம் பத்து வரி சொல்வார். கிராணி அதை ஐந்தாக்குவார். துரை முன்னால் போய் நிற்கும்போது அது ஒரு வரியாகியிருக்கவேண்டும். எவ்வளவு நறுக்கிச் சொல்கிறோமோ அவ்வளவு கெட்டிக்காரர். நான் அதில் ரொம்பக் கெட்டிக்காரி. என் கோரிக்கை அட்டையிலும் ஒரு வரிதான் எழுதினேன்: "விரல் நகத்தில் பூஞ்சை, தோட்டத் தொழிலாளர்." பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

கோலாலம்பூரிலிருந்து கட்டுரைகள் வந்தன. எல்லாம் நல்ல கட்டுரைகள், நல்ல இதழ்கள். ஒன்றும் பொய் சொல்லவில்லை. நகப் பூஞ்சை ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவக்கூடும் என்று இருந்தது. நான் துரைக்கு ஒரு வரி டைப் அடித்தேன்: "தொற்றக்கூடியது."

துரை கெட்ட மனிதரில்லை. கை அழுகுகிறவளைக் கொழுந்து பறிக்க அனுப்பமுடியாது, அந்த இலை ஃபாக்டரிக்குப் போகிறது என்று யோசித்தார். மருந்து அடிக்கவும் முடியாது, கும்பலில் மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும். தொழிலாளர் பேர் எழுதும் செக்ரோலில் பாப்பாத்தியின் பெயரை அடித்தார்கள். பெயர் போனால் லயத்து வீடும் போகும். அதற்குள் குழாயடியில் பெண்கள் அவள் குடத்தைத் தள்ளி வைக்க ஆரம்பித்திருந்தார்கள். அவமானம் தாங்காமல் அவள் புருஷனும் வேலையை விட்டான். ஆய்வுக்கூடத்து ஜன்னல் வழியாக லோரி போவதைப் பார்த்தேன். பாயும் பாத்திரமும் நடுவே அவள், கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்று சனிக்கிழமை. நான் புத்தகம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து என் அண்ணிக்கு நகம் மஞ்சளாயிற்று.

அண்ணன் இறந்த பிறகு எங்கள் வீடு அண்ணி செல்லம்மாவின் பெயரில்தான் இருந்தது. கல்யாணமாகாத பெண் கிராணிக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது. அண்ணி பெயர் செக்ரோலிலிருந்து போனால் அம்மா, அண்ணன் பிள்ளைகள் இரண்டு, நான், எல்லாரும் தெருவில். டிரஸர் அதே வார்த்தையைச் சொன்னார். துரை அடுத்த மாதச் சம்பளம் வரை பொறுப்பதாகச் சொல்லியனுப்பினார். அன்று நான் வீட்டுக்கு வந்து முதலில் செய்த காரியம் அண்ணியின் டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தது. அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார்.  அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

லீவு போட்டுவிட்டுக் கோலாலம்பூருக்குப் புறப்பட்டேன். தாப்பா மலைப்பாதையின் வளைவெல்லாம் இறங்கி, மத்தியானம் தாண்டித்தான் மிஸ் நவரத்தினத்தின் மேசைக்கு முன்னால் நின்றேன். "நகப் பூஞ்சைக்கு நல்ல மருந்து எதுன்னு சொல்ற கட்டுரை வேணும், மிஸ்" என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார்.

"இரும். முழுக்கச் சொல்லும். ஆருக்கு?"

"என் அண்ணிக்கு."

"எந்தக் கை?"

எனக்குத் தெரியவில்லை. வலது என்று நினைத்தேன்.

"எந்தெந்த விரல்? கால் நகத்திலயும் இருக்கோ? அவ வேலைத்தலத்தில என்னத்தைத் தொடுறவ?"

"மருந்து அடிப்பாங்க மிஸ். களை மருந்து."

அவர் கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்தார், எழுதவில்லை. "இதை ஏன் உம்மட அட்டையில எழுதேல்லை?"

"டிரஸர் பூஞ்சைன்னு சொல்லிட்டாரு. நானும் தினம் பாக்குறதுதானே அத."

"கமலவேணி, நீர் கேள்வி கேக்கேல்லை. பதிலைக் கொண்டுவந்து வைச்சுப்போட்டு, அதுக்குச் சாட்சி கேட்டிருக்கிறீர். எங்கட புத்தகங்களும் வந்து சாட்சி சொல்லிப்போட்டுதுகள்."

எனக்கு முகம் சுட்டது. அவ்வளவு தூரம் வந்தவளை வெறுங்கையோடு அனுப்புகிறாரே என்று மனதுக்குள் திட்டினேன். அவர் வாசல் வரை கூட வந்தார். "உம்மிலயும் பிழை, என்னிலயும் பிழை. அந்த அட்டை வந்தண்டைக்கே நான் உமக்குத் திருப்பி எழுதிக் கேட்டிருக்கவேணும். போய்க் கேட்டுக்கொண்டு வாரும். எவ்வளவு நீளமெண்டாலும் பரவாயில்லை."

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நான் நோட்டும் பென்சிலுமாகப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையைக் காட்டச் சொன்னேன். வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மற்ற இரண்டும் சுத்தமாக இருந்தன. இடது கையில் ஒன்றுமில்லை. என் புத்தகங்களில் பூஞ்சை இப்படி எண்ணிப் பார்த்துப் பிடிப்பதில்லை.

"அண்ணி, மருந்து அடிக்கிறப்ப என்னென்ன செய்வீங்க? காலையிலருந்து சொல்லுங்க."

"இப்பத்தான் கேக்குற நீ." முறத்தைக் கீழே வைத்தார். "முன்னெல்லாம் நான் முதுகுல டேங்க் மாட்டி அடிக்கிறதோட சரி. இப்ப டிரம்முலருந்து மருந்து ஊத்துறதும் நான்தான். தண்ணி கலக்காத மருந்து. பால் டின்னுல அளந்து ஊத்தணும். கையில வழியும். மருந்து பீய்ச்சுற முனையில அடைச்சுக்கிச்சுன்னா இந்த மூணு வெரலாலதான் திருகிக் கழட்டித் தொடைக்கிறது. சில நாளு மூக்குல ரத்தம் வருது. வெயிலுன்னு நெனச்சேன்."

"எப்பலருந்து ஊத்துறீங்க?"

"பாப்பாத்தி போனதுலருந்துதான். அது அவ வேல. அவ போனதும் கும்பல மேய்க்கிற மண்டோரு எனக்குக் குடுத்தாரு."

என் பென்சில் நின்றுவிட்டது. நகம் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றவில்லை. அந்த வேலையோடு கைமாறி வந்திருக்கிறது. பாப்பாத்தியைத் தள்ளி வைத்தபோது அந்த டின்னை எடுத்து என் அண்ணி கையில் கொடுத்திருக்கிறோம். நானும் சேர்ந்துதான் கொடுத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் மற்ற இரண்டு டிவிஷனுக்கும் நடந்தேன். ஒவ்வொன்றிலும் மருந்து ஊற்றுகிறவர் யார் என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி மருதாணி போட்டு மறைத்திருந்தாள். இன்னொருத்தி துணி சுற்றிக்கொண்டு, அரிவாள் பட்டுவிட்டது என்றாள். வெளியே தெரிந்தால் பாப்பாத்தி கதிதான் என்று பயம். "யாருட்டயும் சொல்லிடாத லா, கமலா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அவிழ்த்துக் காட்டினாள். அதே மூன்று விரல்.

அன்று கோரிக்கை அட்டையைத் தொடவில்லை. ஒன்றரைப் பக்கம் கடிதம் எழுதினேன். எந்தக் கை, எந்த விரல், எந்த வேலை, எத்தனை நாள், டிரம்மின் மேல் ஒட்டியிருந்த தாளில் இருந்த வேதிப்பெயர், மூக்கு ரத்தம், யாருக்கு வரவில்லை என்பது உட்பட எல்லாம். நறுக்கவில்லை.

மூன்றாவது வாரம் உறை வந்தது. நச்சியல் கைநூல் ஒன்றின் சில பக்கங்கள், மருத்துவ இதழ்களிலிருந்து இரண்டு கட்டுரைகள். அதே வகைக் களை மருந்தைக் கையாண்டவர்களின் நகங்களைப் பற்றி வேறு தேசத்து மருத்துவர்கள் எழுதியது. படமும் இருந்தது. கறுப்பு வெள்ளையில் யாரோ ஒருவருடைய விரல். அண்ணியின் விரலைப் படம் பிடித்த மாதிரி இருந்தது. கூடவே பென்சிலால் ஒரு குறிப்பு: "வாசியும். வைத்தியரிட்டக் காட்டும். நான் நூலகர் மட்டும்தான்."

அண்ணியை அழைத்துக்கொண்டு தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் கட்டுரையை முழுதும் படித்தார். நகத்தைச் சுரண்டிச் சோதனைக்கு அனுப்பினார். பூஞ்சை இல்லை என்று வந்தது. தொற்றாது, மருந்திலிருந்து கையை விலக்கினால் நகம் வளரும் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார்.

துரை கொடுத்த கெடுவுக்கு நான்கு நாள் இருந்தது. கடிதத்தையும் ஃபோட்டோஸ்டாட்டையும் எடுத்துக்கொண்டு ஆபீசில் போய் நின்றேன். துரை தலை நிமிராமல் கேட்டார்.

"செல்லம்மா விஷயமா? ஒரு வார்த்தையில சொல்லு. பூஞ்சையா, இல்லையா?"

"மன்னிக்கணும் துரை. ஒரு வார்த்தையில சொல்லித்தான் பாப்பாத்தி போனா. இன்னைக்கு நீங்க முழுசும் கேக்கணும்."

 அன்று ஒரு வரிகூட விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு செய்துதான் போயிருந்தேன். வேலையே போனாலும் சரி. பால் டின்னிலிருந்து ஆரம்பித்தேன். மூன்று விரல், மூன்று டிவிஷன், யார் ஊற்றுகிறார்கள், யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, பிறகு கட்டுரை, பிறகு டாக்டர். வெளியே இரண்டு கங்காணிகள் காத்து நின்றார்கள். நான் நிறுத்தவில்லை. துரை ஒரு கட்டத்தில் பேனாவை மூடி வைத்தார். படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார்.

"அப்ப மொதல்ல நீ குடுத்தது?"

"அந்தக் கட்டுரைங்க தப்பில்ல துரை. நான் கேட்டதுதான் தப்பு."

அவர் படத்தை மேசை மேல் வைத்தார். பிறகு மண்டோரைக் கூப்பிட்டு அனுப்பினார். அந்த வாரமே பால் டின்கள் போய், நீளக் கைப்பிடி வைத்த அளவைக் குவளைகள் வந்தன. ஊற்றுகிறவர்களுக்கு ரப்பர் கையுறை, கலக்கும் இடத்தில் ஒரு குழாய். அண்ணியும் மற்ற இருவரும் கொழுந்து பறிக்கப் போனார்கள். எங்கள் வீடு எங்களிடமே இருந்தது. ஆறு மாதத்தில் அண்ணிக்குப் புது நகம் முளைத்தது. கையுறை சூடாக இருக்கிறது என்று கழற்றிப் போடுகிறவர்களோடு நான் வருஷக்கணக்காகச் சண்டை போட்டது தனிக் கதை.

பாப்பாத்தி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. பேராக் பக்கம் என்று மட்டும் ஒருவர் சொன்னார். மிஸ் நவரத்தினத்தின் பட்டியலில் கடைசியாக இருந்தது விலாசக் கையேடுகள். தோட்டங்களின் கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு பேராக்கில் உள்ள ஒவ்வொரு தோட்டத்துக் கிராணிக்கும் கடிதம் எழுதினேன். பாதிப் பேர் பதில் போடவில்லை. அவர்களுக்கு மறுபடியும் எழுதினேன். மூன்றாம் தடவையும் எழுதினேன். "நீ என்ன பைத்தியமா?" என்று அம்மா கேட்டார். கடைசியில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து இரண்டு வரி வந்தது. ஆள் இங்கே பாலெடுக்க மரம் வெட்டுகிறாள், ஆனால் மலையில் தொத்து வியாதியோடு இருந்தவள் என்று யாரோ சொல்லிவிட்டதால் லயத்தில் யாரும் சேர்ப்பதில்லை.

ஃபோட்டோஸ்டாட்டும், அண்ணிக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் கடிதத்துப் பிரதியும் எடுத்துக்கொண்டு போனேன். அங்கே குழாயடியில் ஏழெட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். கடைசியாக, எல்லாரையும் விட்டுத் தள்ளி, பாப்பாத்தி அடியில் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்த குடத்தோடு நின்றிருந்தாள். அவள் நகங்களெல்லாம் வளர்ந்துவிட்டிருந்தன. நான் வேறு பேச்சுக் கொடுக்காமல் அவள் குடத்திலிருந்த தண்ணீரை அவள் கையாலேயே ஊற்றச் சொல்லி இரண்டு கையையும் ஏந்திக் குடித்தேன். பிறகு அங்கேயே நின்று அந்தக் கட்டுரையைத் தமிழில் உரக்கச் சொன்னேன். படத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தேன். ஒரு பெண் பாப்பாத்தியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தொற்றும் என்று டைப் அடித்துக் கொடுத்தது நான்தான் என்பதையும் அழுதுகொண்டே சொன்னேன்.

பாப்பாத்தி அழவில்லை. குடத்தைக் கீழே வைத்தாள்.

"இம்புட்டு தூரம் பஸ் ஏறி வந்திருக்க. எங்கெங்கயோ கடுதாசி போட்டு வெள்ளைக்காரன் எழுதுனதையெல்லாம் வாங்கியாந்திருக்க. அன்னைக்கு ஏன் கமலா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல? நடுவுல ஒரு சுவருதானே இருந்துச்சு?"

  அதற்குப் பிறகு வேலை பார்த்த வருஷங்களில் என் மேசைக்கு எதிரே ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். ஒரு வரியோடு வந்த யாரையும், துரையாகவே இருந்தாலும், உட்காரவைத்து முழுதும் கேட்காமல் அலமாரியைத் திறந்ததில்லை.

ஈப்போப் பெண்ணே, நீ கேட்ட பட்டியல் இதனுடன் இருக்கிறது. கலைக்களஞ்சியம், கைநூல், சுருக்க இதழ், விலாசக் கையேடு எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பழைய பெயர்கள்தான். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கும், தேடிப் பார்த்துக்கொள். முதல் பெயருக்கு மேலே நான் பென்சிலால் ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன். அதை எந்த நூலகத்திலும் தேடாதே. பாப்பாத்தி, பக்கத்து வீடு.